வியாழக்கிழமை அளவுகள்

ஜூன் 10, திங்கள்

பயிற்சி வகுப்பு இன்று தொடங்கியது. இருபது பேர். கோயம்புத்தூரில் ஒளியிழைக் கேபிளும் லேசர் பாகங்களும் செய்யும் கம்பெனி ஒன்றுக்குக் கைவேலை தெரிந்த ஆட்கள் போதவில்லை. அதனால் தாராபுரத்தில் எங்கள் பாலிடெக்னிக்கோடும், கரூரில் ஒரு கல்லூரியோடும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஐந்து வாரம் இங்கே பயிற்சி. தேறியவர்களின் பட்டியல் போனால் அங்கே வேலை.

முதல்வர் குழந்தைவேலு என்னிடம் இயற்பியல் படித்தவர். "பாடமெல்லாம் நீங்க எடுக்க வேண்டாமுங்க சார். அதுக்குக் கம்பெனி மேடம் வர்றாங்க. பதிவேடு, அளவு எடுத்து எழுதறது, ரூம் சாவி, இது மட்டும் பாத்துக்கங்க. உங்களாட்டம் சுத்தமா எழுத ஆளே இல்லீங்க" என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று ஏழு வருடத்துக்குப் பிறகு ஒருவர் தேடி வந்து கேட்டது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து பழைய பாடநூல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒளியியல் கரும்பலகையோடு சரி.

காலை முழுவதும் முதல்வர் அறையில் உட்கார்ந்து பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, சீல் வைத்து, கையெழுத்து வாங்கினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கங்கள். அதனால் கம்பெனி அனுப்பிய ஜெசிந்தா மேடம் நடத்திய முதல் வகுப்பைக் கேட்க முடியவில்லை. அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். இந்த வாரம் முழுக்க இங்கே இருப்பார். அடுத்த வாரத்திலிருந்து திங்களும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் கரூர்.

மதியம் எல்லோருடைய விவரங்களையும் பதிந்தேன். கடைசியாக வந்தவள் சௌடேஸ்வரி. வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். எப்போதோ டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறாள். ஐந்து வயதில் ஒரு பெண். பிறந்த தேதி ஜூலை 18. பட்டியல் கம்பெனிக்குப் போகும் நாளில் இருபத்தொன்பது வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. இவளுக்கு இந்த ஜூலையில் நிறைகிறது. அடுத்த வகுப்பு ஜனவரியில்தான்.

"இது ஒண்ணுதாங்க சார் எனக்கு" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

கேபிளின் முனையில் கனெக்டரை ஒட்டி, அந்த முனையை மெருகுத் தாளில் வைத்து எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். ஒரே அழுத்தம், ஒரே வேகம். தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. ஒரு கீறல் விழுந்தாலும் ஒளி சிதறிவிடும்.

இருபது பேரும் நாள் முழுக்கத் தலையைக் குனிந்து எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மௌலீஸ்வரன் என்ற பையன் வாய் ஓய்வதில்லை. "எட்டுப் போட்டா லைசென்ஸு குடுப்பாங்கன்னு பாத்தா, இவங்க இன்னொரு எட்டுப் போடுங்கறாங்களே மேடம்" என்றான். ஜெசிந்தாவே சிரித்துவிட்டார்.

சௌடேஸ்வரியின் கை தனியாகத் தெரிகிறது. அறுந்த பாவு நூலை ஓடுகிற தறியில் முடிச்சுப் போட்ட விரல்கள். அவள் தேய்த்த முனைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஜெசிந்தா அடுத்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜூன் 14, வெள்ளி

அடுத்த வாரம் முதல் சோதனை. முறையை இங்கே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

ஒரு பெட்டி ஒளியை அனுப்பும். ஒரு மீட்டர் அளக்கும். நடுவில் லாஞ்ச் கார்டு என்ற மஞ்சள் கேபிள். திங்கள் காலை ஜெசிந்தா இவற்றை இணைத்து மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்துவார். பிறகு மீட்டர் பக்கத்தை மட்டும் கழற்றி, பயிற்சியாளர் செய்த கேபிளை நடுவில் சேர்த்து அளந்தால், அந்தக் கேபிளில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்று எண்ணாக வரும். 0.5க்குள் இருந்தால் தேறியது. ஒரு நாளைக்கு நான்கு பேர். இரண்டு வாரம், ஆளுக்கு இரண்டு கேபிள். இரண்டும் 0.5ஐத் தாண்டினால் வெளியே.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாட்களும் அளந்து எழுதுவது நான்.

அளந்த கேபிள்களை வீசிவிடாமல் பெயரும் தேதியும் எழுதி உறையில் போட்டு வைப்பது என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இந்த அறையில் தூசி அதிகம். நேற்று மாலை எல்லோரும் போன பிறகு மஞ்சள் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, இரு முனைகளையும் துடைத்து, மூடி போட்டு, டப்பாவில் வைத்துப் பூட்டினேன். காலையில் அவர்கள் வருவதற்கு முன் மறுபடி மாட்டினேன். பல்கலைக்கழகத்துக் கருவிகளை முப்பத்தைந்து வருடம் இப்படித்தான் காப்பாற்றினேன். ஜெசிந்தாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் தற்பெருமை போல இருக்கும்.

நான்கு பேரும் தேறினார்கள்.

ஜூன் 19, புதன்

ஒரு சிறு குழப்பம். மூன்று பேருடைய கேபிள்களுக்கு மைனஸ் 0.1, மைனஸ் 0.2 என்று வந்தது. அப்படியென்றால் உள்ளே போன ஒளியைவிட வெளியே வந்தது அதிகம். இயற்கையில் அது நடக்காது. மீட்டரின் நடுக்கமாக இருக்கும். 0.00 என்று எழுதினேன். செய்முறைத் தேர்வில் வராத அளவு வந்தால் வர வேண்டிய அளவை எழுதிக்கொள்வது எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதான்.

மனைவி கமலவேணிக்குப் பல் வலி. கிராம்பு வாங்கி வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

சௌடேஸ்வரி இன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நான் மஞ்சள் கேபிளை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தாள்.

"சார்..." என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

அவள் கேபிள் 0.58. இரண்டு முறை துடைத்து அளந்தேன். அதே. அவள் குழுவில் நவநீதனுக்கு 0.66. மதியம் மஞ்சள் கேபிளை மறுபடி துடைத்து மாட்டி அளந்ததில் மற்ற இருவரும் 0.47, 0.49 என்று விளிம்பில் தப்பினார்கள். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, "முனை சுத்தமாத்தானுங்க இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மீட்டர் காட்டுவதைத்தானே எழுத முடியும்.

ஜூன் 27, வியாழன்

சௌடேஸ்வரி 0.63. நவநீதன் 0.71.

ஜூன் 28, வெள்ளி

ஜெசிந்தா என் பதிவேட்டைப் பார்த்தார். "சௌடேஸ்வரியா?" என்று இரண்டு தடவை கேட்டார். "சார், நீங்க அளந்ததுதானே?" என்றார். நான் தலையாட்டினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். நவநீதனுக்குப் பத்தொன்பது வயது, கண் கலங்கினான். ஜனவரியில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்றதும் தேறிக்கொண்டான். சௌடேஸ்வரி அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வரேனுங்க சார், வரேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, தான் வேலை செய்த மேசையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 2, செவ்வாய்

பதினெட்டுப் பேர். அடுத்த கட்டப் பயிற்சி. சோதனை எதுவும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு ஒரு பையன் ஒளிப்பெட்டியின் பக்கம் கை கொண்டுபோனான். மௌலீஸ்வரன் கத்தினான். "டேய் டேய்! அந்தப் பக்கம் தொட்டுப்போடாத. மொத நாளே மேடம் சொன்னாங்கல்ல, பெட்டி முனையக் கழட்டுனா பூஜ்யமே செத்துப்போச்சுன்னு. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் வகுப்பில் சொல்லியிருக்கிறார். நான் பக்கங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு எல்லோரும் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன். பூஜ்யம் வைத்தேன். பெட்டி முனையைக் கழற்றினேன், மாட்டினேன், அளந்தேன். பத்து முறை. 0.34. 0.05. மைனஸ் 0.62. 0.41. 0.28. மைனஸ் 0.09. மீதியை எழுதவில்லை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்த முனை வேறுவிதமாக உட்காருகிறது. புகும் ஒளியின் அளவு மாறுகிறது. கேபிள் எதுவும் நடுவில் இல்லாமலே 0.4 காட்டுகிறது.

மைனஸ் வந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஒளி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பூஜ்யம் போட்டேன்.

அந்த வியாழக்கிழமை வாசலில் நின்றவள் "சார்" என்றாளே.

ஜூலை 9, செவ்வாய்

ஜெசிந்தா கரூரில். போன் எண் இருக்கிறது. போனில் சொல்லும் விஷயமல்ல.

ஜூலை 10, புதன்

முதல்வரிடம் போனேன். நேற்று இரவே தாளில் புள்ளி புள்ளியாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். கதவைச் சாத்தினார்.

"சார், நீங்க என்ற வாத்தியாரு. உங்களுக்கு நான் சொல்றதா? பதினெட்டாந் தேதி கம்பெனிக்காரங்க வர்றாங்க. ஒப்பந்தத்த மூணு வருஷத்துக்குப் புதுப்பிக்கறாங்க. இப்பப் போயி எங்க அளவெல்லாம் தப்புங்கன்னா என்ன ஆகும்? கரூர்க்காரன் வாயப் பொளந்துட்டு நிக்கறான்."

"இரண்டு பேரை அநியாயமாக..."

"அநியாயம்னு யாருங்க சொன்னா? ஒருவேள நெசமாவே அவங்க கேபிள் மோசமா இருந்திருக்கலாமல்ல? அதுபோக, தேறுன பதினெட்டுல எத்தன பேரு உங்க பூஜ்யத்துல தேறுனவங்க? அவங்களையும் வெளிய அனுப்பிச்சுட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

அவர் கேட்டது சரிதான்.

"பதினெட்டு முடியட்டுமுங்க. பத்தொம்பதாந் தேதி நாமளே மேடத்துகிட்டப் பக்குவமாப் பேசிக்கலாம். எட்டு நாளுதான?" என்றார். டீ வரவழைத்தார். குடித்தேன்.

எட்டு நாள்தான்.

ஜூலை 11, வியாழன்

சாப்பிட முடியவில்லை. கமலவேணி, "ஏனுங்க, சுகரு எறங்கிப்போச்சா? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது. நாலு கம்பிய எண்ணி வெக்கறதுக்கு இந்தப் பாடுங்களா?" என்று ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை சரியாக இருந்தது. அவளுக்கு ஏமாற்றம்.

ஜூலை 12, வெள்ளி

ஜெசிந்தா வந்திருந்தார். மூன்று முறை அவர் மேசை வரை போனேன். மூன்றாம் முறை அவரே நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார். ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது என்றேன். தன் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார்.

உறைகளில் வைத்த கேபிள்கள் பீரோவில் இருக்கின்றன. பூஜ்யத்தைச் சரியாக வைத்து மறுபடி அளந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். நானே அளந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் கேபிள் நிஜமாகவே மோசம் என்று வந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அளந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஜூலை 13, சனி

வெள்ளகோவில் பஸ் ஏறினேன். அவளிடமே சொல்லிவிடுவது, அவள் சொல்கிறபடி நடப்பது என்று தீர்மானித்திருந்தேன். விலாசம் பதிவேட்டில் இருந்தது.

வீட்டை ஒட்டித் தகரச் சீட்டுப் போட்ட ஷெட். நான்கு தறிகள். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சௌடேஸ்வரி என்னைப் பார்த்ததும் தறிகளை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். அவள் மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காலேஜு வாத்தியாருங்களா? வாங்க வாங்க. எட்டுப் போடப் போறேன்னு போனா, ஏழரையக் கூட்டிட்டு வந்து சேந்தா" என்றார்.

"அத்தை, சித்த சும்மா இருங்க" என்றாள் சௌடேஸ்வரி. மோர் கொண்டு வந்தாள். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொன்னேன்.

"கோவப்பட்டுக்காதீங்க சார். உங்க எல்லாரு பேரையும் கெடுத்துப்போட்டேன். மேடத்துகிட்டயும் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு, தறி அடிச்சு அடிச்சுக் கை ஆடுது, உனக்கு எதுக்கு அந்த வேலைங்கறாரு. எனக்கும் அப்பப்பக் கையப் பாத்தா ஆடற மாதிரித்தானுங்க இருக்குது."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். ஆடவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுங்களா சார், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அன்னைக்குக் காலைல நீங்க பெட்டியில அந்த மஞ்சக் கேபிள மாட்டிட்டு இருந்தீங்க. மேடம் அதத் தொடவே கூடாதுன்னாங்களே, சார் தொடறாரேன்னு எனக்கு மனசுல பட்டுச்சு. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அப்பறம், அட, சாருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தன் அறியாமையைச் சொல்லிச் சிரிப்பது போல.

நான் மோரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூலை 15, திங்கள்

பதினெட்டுப் பெயர்களோடு பட்டியல் கம்பெனிக்குப் போனது. தட்டச்சு செய்தது நான். எழுத்துப் பிழை இல்லை.

பதிவேட்டில் அவள் பிறந்த தேதியைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை. முதல்வர் பதினெட்டு என்று சொன்ன நொடியிலேயே, அவளுக்கு வயது நிறைவதும் அன்றுதான் என்று எனக்குத் தெரியும். அன்று எழுதாமல் விட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவர் திருப்பி அழைத்தார். "சார், கூப்ட்டீங்களா?" கை தவறிப் பட்டுவிட்டது என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பாலிடெக்னிக் விடுமுறை. தெருவெல்லாம் தேங்காய் சுடுகிறார்கள். கமலவேணியும் தேங்காயின் கண்ணைத் திறந்து வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் போட்டு, குச்சியில் செருகி, வாசலில் மூட்டிய நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தீயைப் பார்த்துக்கொண்டு சொன்னது எளிதாக இருந்தது.

அவள் குச்சியைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு நாளைக்கு வயசு முடியுதா?"

"ஆமாம்."

"இன்னைக்கு இருக்குதல்ல? போனப் போடுங்க அந்த மேடத்துக்கு. எந்திரீங்க."

"இன்று விடுமுறை. பண்டிகை நாள். நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் எல்லோருமே வருகிறார்கள். அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டால், பெரிய அதிகாரிகள், ஒரு நாள் வித்தியாசத்தை..."

"நாப்பத்தொரு வருஷமா உங்ககோட இருக்கறனுங்க. நீங்க நாளைக்கும் சொல்ல மாட்டீங்க."

தேங்காய் ஒரு பக்கம் கருகிப்போனது. அப்படியே பிள்ளையாருக்கு வைத்தாள்.

ஜூலை 18, வியாழன்

கம்பெனியிலிருந்து மூன்று அதிகாரிகள். கருத்தரங்கக் கூடத்தில் மேடை. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. தேறிய பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். அவர்களுடைய பெற்றோர் கைதட்டினார்கள். மௌலீஸ்வரனின் அம்மா வயல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

குழந்தைவேலு ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார். "எங்க பேராசிரியர் நாச்சிமுத்து ஐயா. இந்தப் பயிற்சியோட ஒவ்வொரு அளவையும், ஒரு புள்ளி பிசகாமல் பதிவு செஞ்சவர்." அதிகாரி ஒருவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் காது என் வாய்க்கு மிக அருகில் இருந்தது. "நன்றி" என்றேன்.

வீட்டில் கமலவேணி பொன்னாடையைப் பார்த்தாள். கொடியில் ஈரத்துணிகளோடு சேர்த்துப் போட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

ஜெசிந்தா உள்ளே வந்து பையை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். முதல்வரைக் கலந்துகொள்ளவில்லை. தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. குரல் மிக மெதுவாக வந்திருக்க வேண்டும், அவர் "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பீரோவைத் திறந்து உறைகளை எடுத்தார். பூஜ்யம் வைத்தார். முதலில் அவளுடையதைத்தான் அளந்தார்.

ஜூன் 20 கேபிள், 0.19. ஜூன் 27 கேபிள், 0.22.

இருபது பேரில் இதைவிடக் குறைவாக யாருக்கும் வரவில்லை. நவநீதனும் தேறியிருக்கிறான். நான் பூஜ்யம் போட்ட மூன்று பேரில் ஒருவன் மட்டும் 0.51, 0.56. "அவன அங்க ஒரு மாசம் ட்ரெய்னியா வெச்சுப் பாத்துக்குவாங்க, யாரையும் அனுப்ப மாட்டாங்க" என்றார் ஜெசிந்தா. பதினெட்டுப் பேரின் வேலையும் போய்விடும் என்று பதினொரு நாள் பயந்தது இவ்வளவுதான்.

உடனே கம்பெனிக்குப் போன் செய்தார். நவநீதனைச் சேர்த்துக் கூடுதல் பட்டியல் போடலாம் என்றார்கள். சௌடேஸ்வரியின் பிறந்த தேதியைக் கேட்டார்கள். ஜெசிந்தா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை ஆங்கிலத்தில் கத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கூடுதல் பட்டியல்னா இன்னைக்குத் தேதிதான் கணக்காம். புதன்கிழமை சொல்லியிருந்தாக்கூடப் போட்டிருக்கலாம்னு சொல்றாங்க. புதன்கிழமை, சார்."

"ஆமாம்."

"நேத்து மேடையில பொன்னாடை போட்டுக்கிட்டீங்களே சார். நான் கீழ உக்காந்து கை தட்டினேன்."

நான் உறைகளைத் தேதி வரிசையில் அடுக்கினேன்.

"என் மேலயும் தப்பு இருக்கு. தினமும் காலைல நானே வந்து பூஜ்யம் வெச்சிருக்கணும். ரெண்டு காலேஜுக்கு ஒரே ஆளப் போட்டா இப்படித்தான். அதையும் எழுதித்தான் அனுப்பப் போறேன்" என்றார். பிறகு, "அவங்ககிட்ட யாரு சொல்றது?" என்றார்.

நான் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.

குழந்தைவேலு மாலையில் போன் செய்து, "இப்படிப் பண்ணிட்டீங்களே சார்" என்றார். சாவியைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிடச் சொன்னார்.

ஜூலை 20, சனி

காலை எட்டு மணி பஸ்.

அவள் கணவரும் மாமியாரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். குழந்தை ஷெட்டின் வாசலில் நூல் சுற்றும் கதிர்க் கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. நான்கு தறிகளில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. சௌடேஸ்வரி அவற்றை நிறுத்தினாள்.

நின்றபடியே சொன்னேன். முதல் நாள் வகுப்புக்குப் போகாதது, தினமும் கேபிளைக் கழற்றியது, மைனஸுக்குப் பூஜ்யம் போட்டது, 0.19, 0.22. தேதி வரிசையில் சொன்னேன். கம்பெனி சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவள் 0.19 என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன். "பாயிண்ட் ஒண்ணு ஒம்பதுங்களா?" என்று கேட்டாள். முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகுதான் மற்றவை அவளை எட்டின.

"எத்தன நாளாத் தெரியுமுங்க சார் உங்களுக்கு? ஒரு பத்து நாளு இருக்குமுங்களா?"

"நேற்று சொல்லும்போது பதினொன்று."

"அப்ப அன்னைக்கு வந்தீங்களே."

"தெரியும்."

"மோரு குடிச்சுட்டுப் போனீங்க."

"ஆமாம்."

குழந்தையின் கட்டைகள் சரிந்து விழுந்தன. அவள் போய் அவற்றைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் முதுகைக் காட்டியிருந்தாள்.

உள்ளே போனாள். குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு பேனாவோடு வந்தாள்.

"சொன்னீங்களே, அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வேலை இல்லீன்னா போவுது. என்ற கை ஆடலைன்னு இந்த ஊட்ல நாலு பேரு படிக்கோணும்."

தறியின் சட்டத்தில் தாளை வைத்து எழுதினேன். என் பெயர், பட்டங்கள், வகித்த பதவி. மாணவி சௌடேஸ்வரி செய்த இரண்டு கேபிள்களும் இந்தப் பயிற்சியிலேயே மிகச் சிறந்தவை. அளவுகளைத் தவறாக எடுத்ததும், தவறு தெரிந்த பின் பதினொரு நாள் மறைத்ததும் நான். கவனக்குறைவால் நிகழ்ந்த இப்பிழைகளுக்கு நானே பொறுப்பு. தேதி. கையெழுத்து.

அவள் நின்றபடி விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தக் கவனக்குறைவுங்கறது மொதல்ல நடந்ததுக்குச் சரிங்க சார். தெரியாமப் பண்ணுனீங்க. அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்." தாளை என்னிடம் திருப்பி நீட்டினாள். "இந்தப் பதினொரு நாளுக்கு அந்த வார்த்த ஆகாதுங்க. வேற எழுதுங்க."

அந்த வரியை அடித்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த நல்ல சொற்கள் எல்லாம் வந்தன. நிர்வாகக் காரணங்களால். சூழ்நிலையால். பிறர் நலன் கருதி. அவள் அவசரப்படுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பயத்தால்" என்று எழுதினேன்.

வாங்கிப் படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "பஸ்ஸு பத்தே முக்காலுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தறியைப் போட்டாள்.